மைப்பந்து பிடித்த எழுத்தாளர்

இப்போதெல்லாம் லண்டனில் இறகுப் பேனா பிடிக்கத் தெரிந்தவன் எல்லாம் எழுத்தாளன். மந்திரியைக் கிழிகிழி என்று கிழிப்பான், அடியில் பெயர் போட மாட்டான். காபிக்கடையில் மட்டும் காதோடு காதாக, "நான்தான் எழுதினேன்" என்று சொல்லிப் புகழை வாங்கிக்கொள்வான். பிடிபட்டால் சிறைக்குப் போவது அச்சடித்தவன். அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒபதியா கிழவர், எழுத்து மேல் மை தட்டிக்கொண்டே இதைத் தினமும் சொல்லுவார். எழுத்தாளர்களில் ஒருவரையும் அவர் நம்பியதில்லை.

அன்று காலை அவர் பயந்தபடியே ஆயிற்று. ஃபெனிமோர் துரை, ஒரு வரியைத் திருத்த வேண்டுமாம், அச்சகத்துக்கே நேரில் வந்து நின்றார். எழுதியவர் அச்சகத்துப் படியை மிதிக்கக் கூடாது என்பது தொழிலில் எழுதாத சட்டம். மந்திரியைத் திட்டிய அவருடைய துண்டுப் பிரசுரம் தலைக்கு மேலே கயிறு கயிறாக ஈரத்தோடு தொங்கியது. 'ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டது' என்று முகப்பில் பொய் வேறு.

கதவு இடிபட்டது. ஜன்னல் வழியே பார்த்த நெட், அச்சுக் கோப்பவன், வெளுத்துப்போனான்.

"கார்பெட்! மந்திரி ஆபீஸ் ஆளு!"

கிழவர் துரையின் பொய்முடியைப் பிடுங்கிக் கரிக்கூடைக்குள் திணித்தார். கோட்டைக் கழற்றி, மை அப்பிய தோல் ஏப்ரனை மாட்டி, எழுத்தில் மை தட்டுகிற இரண்டு தோல் மைப்பந்துகளையும் கையில் கொடுத்தார்.

"தட்டுங்க. வாயை மட்டும் திறக்காதீங்க."

கார்பெட் உள்ளே வந்ததும் கயிற்றிலிருந்து ஒரு தாளை உருவினான்.

"மிசஸ் டார்கஸ், இதை எழுதினது யாரு?"

"யாரோ காகிதத்தைக் கட்டா வாசல்ல போட்டுட்டுப் போனாங்க. எனக்குத் தெரியாதுங்க," என்றாள் அச்சகத்துக்காரி. ஒரு முறை பெயரைக் காட்டிக்கொடுத்தால் அப்புறம் எந்த எழுத்தாளனும் அந்தத் தெருப்பக்கம் வர மாட்டான். புருஷன் சாகும்போது விட்டுப்போன அச்சகம் அதோடு மூடவேண்டியதுதான்.

"தெரியாதா? சரி. பேரு கிடைக்கலைன்னா அச்சடிச்சவங்கதான் நியூகேட் ஜெயிலுக்கு வரணும்." அவன் கண் துரையின் மேல் நின்றது. "இது யாரு, கையில பிள்ளையைத் தூக்கி வெச்சிருக்கற மாதிரி பிடிச்சிருக்கான்?"

"புதுசுங்க," என்றார் கிழவர். "சேர்ந்த அன்னிக்கு எங்களுக்கெல்லாம் பியர் வாங்கித் தரணுங்கறது அச்சகத்து வழக்கம். அதையே இன்னும் தரலை. பந்து பிடிக்க எங்கே கத்துக்கறது?"

நெட் பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

கார்பெட் டார்கஸின் கையைப் பிடித்தான். அவள் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். கிழவர் துரையின் காலை ஓங்கி மிதித்து, அவர் காதில் முணுமுணுத்தார்.

"பொம்பளையை இழுத்துட்டுப் போறான், சொல்லுங்கய்யா!"

துரை மைப்பந்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் வாய் லேசாகத் திறந்தது, மூடியது. வாசல் வரை இருவரும் போய்விட்டார்கள். நானே காட்டிக்கொடுத்துவிடுகிறேன், நாளைக்கு இந்த அச்சகம் மூடினாலும் மூடட்டும் என்று கிழவர் ஒரு அடி எடுத்து வைத்தார்.

அதற்குள் கார்பெட் கையிலிருந்த தாளை மறுபடியும் புரட்டினான்.

"நீங்க சொல்லாட்டி என்னம்மா, எனக்குத் தெரியாதா? இந்த இழுவை, இந்த வளவளா... அந்த எழுத்தாளன் கிரிம்ஷாவைத் தவிர வேற யாரு இப்படி எழுதுவான்? ஊரெல்லாம் கிரிம்ஷா புத்தகம்னு சொல்லிடறேன்."

"கிரிம்ஷாவா?"

மைப்பந்து இரண்டும் தரையில் விழுந்தன.

"அந்த ஆளு செத்து மறுபடி பொறந்து வந்தாலும் இதுல ஒரு வரி எழுத முடியுமா? என்னோடதுய்யா! ஒவ்வொரு எழுத்தும் என்னோடது!"

கார்பெட் பல்லைக் காட்டினான். டார்கஸின் கையை விட்டுவிட்டு, துரையின் கையைப் பிடித்தான். துரை மொட்டைத் தலையோடும் ஏப்ரனோடும் தெருவில் நடந்து போனார். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனார்.

சாயங்காலம் எதிரே இருந்த பியர்க்கடையில் தெருவே கூடிவிட்டது. நெட் பெஞ்சு மேல் ஏறிக் கோப்பையைத் தூக்கினான்.

"ஒரு விதவைக்காகத் தன்னையே கொடுத்த ஃபெனிமோர் துரைக்கு!"

எல்லோரும் குடித்தார்கள். டார்கஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதறவங்கன்னாலே திட்டுவீங்களே பெரியவரே, இப்ப என்ன சொல்றீங்க?"

"உங்களை வாசல் வரைக்கும் இழுத்தப்ப அவரு சும்மாதானேம்மா நின்னாரு? கிரிம்ஷா பேரைக் கேட்டப்புறந்தான் வாயே வந்துச்சு."

"அதுக்கு முன்னாடியே சொல்ல வந்தாரு. நான் அவர் முகத்தைப் பாத்தேன்."

"பக்கத்துல நின்னது நான்மா. நானுந்தான் பாத்தேன்."

"இவருக்குக் கடவுளே இறங்கி வந்தாலும் சந்தேகந்தான்!" என்று நெட் கத்தினான். கடை முழுக்கச் சிரித்தது.

கிழவர் தமக்கு ஊற்றிய பியரைத் தொடவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டார். உள்ளே மறுபடியும் துரையின் பெயரைச் சொல்லிக் கோப்பைகள் இடித்துக்கொண்டன. அவர் திரும்பிப் பார்க்காமல் சாக்கடை ஓரமாகவே வீட்டைப் பார்த்து நடந்தார்.

"முகத்தைப் பாத்தாளாம்," என்றார், யாரிடமும் இல்லாமல்.