பதினோரு வருடச் சப்பாத்தி

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் என் மனைவி சொர்ணத்தின் நீலச் சேலை சுற்றிச் சுற்றி வெளுக்கிறது, நுரையைக் காணோமே என்று குனிந்து பார்க்கிறேன், அவள் வந்து வாஷிங் மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்து விரலால் வழித்துப் பார்த்து, ஏனுங்க, சோப்புத்தூளுக்குக் கோதுமை மாவப் போட்டுட்டீங்க என்கிறாள், மாவு பிசையற வேலை உனக்கு மிச்சந்தானே என்கிறேன், அவள் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு பாதியில் நிற்பதைப் பார்க்காத மாதிரி சேலையை உதறுகிறேன், உடுமலைப் பேருந்து நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் நேரக்காப்பாளராக இருந்தவன் நான், பழனி வண்டி, மூணாறு வண்டி, எது எத்தனை மணிக்கென்று பலகையைப் பார்க்காமல் சொல்வேன், இப்போதும் அந்த வண்டிகள் எல்லாம் தலைக்குள் நிற்கின்றன, எது எப்போது கிளம்பும் என்றுதான் தெரியவில்லை, அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது, முதலில் சாவி, அப்புறம் தெரு, கடைசியில் அண்ணியைப் பார்த்துக் கைகூப்பி, நீங்க யாருங்க என்றார், நாற்பது வருடத்தில் அண்ணியிடம் அவர் காட்டிய ஒரே மரியாதை அது.

எனக்கும் அண்ணனாட்டம் ஆகுதா என்று எல்லோரையும் கேட்டேன், வயசானா அப்படித்தாம்ப்பா என்றான் மகன், நல்லாத்தானே இருக்கறீங்க என்று சொர்ணம் அடுப்படிக்குள் போய்விட்டாள், பொள்ளாச்சி டாக்டரம்மா மட்டும் வயிற்றைப் பற்றிக் கேட்டார், பத்து வருடமாக உப்புசம், பேதி, மூளைக்கு வந்த இடத்தில் அதைச் சொல்வானேன் என்று விட்டிருந்தேன், ரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள், கோதுமை உங்களுக்கு ஆகலீங்க, திங்கற சத்து உடம்புல சேரல, மறதிக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், அதேதான்னு சொல்ல மாட்டேன், நிறுத்திப் பாப்போம் என்றார், சர்க்கரை வந்த நாளிலிருந்து, ஊரில் எல்லாச் சர்க்கரைக்காரர் வீட்டையும் போல, ராத்திரிச் சோறு போய்ச் சப்பாத்தி, பதினோரு வருடம், மெத்துனு இருக்குதுங்களா என்று கேட்டுக் கேட்டுச் சொர்ணம் தேய்த்துப் போட்டது, டாக்டரம்மா சொன்னதும் அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒண்ணுகூடக் கருகலீங்க டாக்டர், அத்தனை நேர்த்தி என்றேன், யாரும் சிரிக்கவில்லை.

ஐந்து மாதமாகக் கம்பந்தோசை, ராகிக் களி, ஒருநாள் விடியலில் பழனி வண்டி தலைக்குள் தானாக நேரத்தோடு வந்து நின்றது, ஐந்து நாற்பது, கனவா என்றுகூட ஒரு சந்தேகம், எழுந்து உட்கார்ந்து மூணாறு வண்டியின் நேரத்துக்கும் காத்திருந்தேன், அது வரவில்லை, இன்று மத்தியானம் அவள் கீரை ஆய்கிறாள், சொர்ணம், விளையாட்டுக்கில்ல, நெசமாக் கேக்கறேன், உன்னய என்னைக்காவது மறந்தேனா என்கிறேன், அவள் கீரையைக் கீழே வைக்கிறாள், மறந்தீங்க, தை மாசத்துல ஒருநாள் காப்பி கொண்டாந்து குடுத்தேன், வாங்கிக் குடிச்சுட்டு, சொர்ணம் எங்கீங்கன்னு என்னயவே கேட்டீங்க, ரெண்டு தடவை, கோதுமைய விட்ட பொறகு கேக்கலீங்க, இனிமேட்டுக்குக் கேப்பீங்களான்னு எனக்குத் தெரியாது, சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன், அன்னைக்கு நீ என்ன சொன்னே என்கிறேன், இப்ப வந்துருவாங்கன்னு சொன்னேனுங்க என்கிறாள்.