நானூற்று நாற்பது கிலோ பொய்

தராசுக்காரர் முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் ஒரு கிராம்கூடப் பொய் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதெல்லாம் உள்ளே சேர்ந்து கிடந்ததோ என்னவோ, ஓய்வு பெற்ற ஏழாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நானூற்று நாற்பது கிலோ பொய்யை ஒரே மூச்சில் இறக்கிவைத்தார்.

கடைகடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவதுதான் அவருடைய வேலை. அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைத்தராசுகள் தாமாகவே முள்ளை நேராக்கிக்கொள்ளும் என்பார்கள். எதையும் கையில் தூக்கினால் போதும், எடை நாக்குக்கு வந்துவிடும். மகள் பிறந்தபோது குழந்தையை வாங்கிய கையோடு மூன்று கிலோ நூற்றிருபது என்றார். ஆஸ்பத்திரித் தராசு மூன்று கிலோ நூறுதான் காட்டியது. மறுநாள் அந்தத் தராசைத்தான் மாற்றினார்கள்.

அப்பேர்ப்பட்டவர் ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய பிக்கப் வாங்கினார். நான்கு கதவு, பின்னால் திறந்த தொட்டி. மனைவியோடு மூன்று வாரம் மலையடிவார ஏரிகளை எல்லாம் சுற்றிவருவது, கூடாரம் அடித்துத் தூங்குவது, அடுப்பு மூட்டி அவரே டீ போட்டு அவளுக்குக் கொடுப்பது. இந்தக் கனவை அவர் பதினைந்து வருடமாக வளர்த்து வந்தார். ஆனால் மனைவிக்கு இடுப்பில் டிஸ்க் விலகல். பிக்கப்போ முந்தைய சொந்தக்காரரிடம் செங்கல் சுமந்து சுமந்து, பின்பக்க ஸ்பிரிங் தொய்ந்து, குந்தியிருக்கும் நாய் மாதிரி நின்றது.

மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நிபந்தனை போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சிமெண்டு ஆலைக்குப் பின்னால் போகும் குழிச்சாலையில் ஒரு மணி நேரம் கூட்டிப் போக வேண்டும். இடுப்பு சம்மதித்தால் ஏரி. இல்லையென்றால், "நீங்களும் உங்க வண்டியும் ஜோடியா போயிட்டு வாங்க. நான் என் தங்கச்சி வீட்டுல இருந்துக்கறேன்."

ஆக, அந்தப் பயணம் முழுக்க நாலு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை பட்டறைக்குப் போனார். கெட்ட நேரம், மச்சானும் கூடவே வந்தான். மனைவியின் தம்பி. அவனிடமும் ஒரு பிக்கப் இருந்தது. ஏணி வைத்து ஏற வேண்டிய உயரம், நெற்றியில் எட்டு விளக்கு, தொட்டிக்கு மேல் எப்போதும் இறுக்கிக் கட்டிய தார்ப்பாய். அது சுமந்த அதிகபட்சச் சுமை ஒரு மெத்தை என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பட்டறைக்காரர் அளந்து பேசுகிற மனிதர். மூன்று வகை ஸ்பிரிங்கை மேசையில் வரிசையாக வைத்து விளக்கினார். சும்மா ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று, தொட்டியில் பாதிச் சுமையோடு திரிகிறவர்களுக்கு ஒன்று, கடையையே தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கு ஒன்று. எப்போதாவது ஏற்றுகிற பாரம் முக்கியமில்லை, எப்போதும் தொட்டியில் இருக்கிற பாரம்தான் கணக்கு என்றார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "எவ்வளவு சார் இருக்கும்?" என்று கேட்டார்.

கூடாரம், அடுப்பு, இரண்டு நாற்காலி, தண்ணீர்க் கேன். அறுபது கிலோ. தராசுக்காரரின் நாக்கு நுனியில் அந்த அறுபது வந்து நின்றது. அதற்குள் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த மச்சான் வாயைத் திறந்தான்.

"அத்தானுக்கு எதுக்குங்க ஸ்பிரிங்கு? நாலு பக்கமும் நாலு தலகாணி வெச்சுக் கட்டிவிடுங்க."

பட்டறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜாக்கியில் தூக்கி வைத்திருந்த ஒரு வேன்கூடக் குலுங்கியது.

"ஐநூறு கிலோ," என்றார் தராசுக்காரர். "எப்பவும்."

பட்டறைக்காரர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை முழுக்க வேலை நடந்தது. தராசுக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு மறை திருகுவதைக்கூட விடாமல் பார்த்தார். பின்னாலிருந்த பழைய ஸ்பிரிங் பட்டைகள் கழன்று விழுந்தபோது அவற்றின் வளைவு நிமிர்ந்து, ஸ்கேல் மாதிரி கிடந்தன. புதிய பட்டைகள் வில்லாக வளைந்து மினுங்கின. முன்னால் புதிய சுருள் ஸ்பிரிங்கும், குலுக்கலை அடக்கும் ஷாக்கும் ஏறின. கடைசி முறுக்கை மட்டும் பட்டறைக்காரர் வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்தின் மேல் நிறுத்திய பிறகுதான் முறுக்கினார். அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும் என்றார். தராசுக்காரருக்கு அந்த ஆள்மேல் மரியாதை வந்தது. தரையில் நிற்காத எதையும் நம்பக் கூடாது என்பதுதான் அவருடைய கொள்கையும்.

டேப்பை எடுத்துச் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தார். பின்பக்கம் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது, அடுத்த ஊர்த் தண்ணீர்த் தொட்டியும், அதன்மேல் உட்கார்ந்திருந்த காக்கையும், அதன் வாயில் இருந்ததும்கூடத் தெரிந்தது.

பெருமை முதல் வேகத்தடைவரை நீடித்தது.

வண்டி வேகத்தடையில் ஏறியது. பின்பக்கம் மட்டும் இறங்க மறுத்தது. ஒரு கணம் தராசுக்காரர் பூமியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருந்தார். தொப்பி கூரையில் ஒட்டிக்கொண்டது. டாஷ்போர்டில் உட்கார்ந்து வந்த ஈ ஒன்று, இதற்கு நடந்தே போய்விடலாம் என்று ஜன்னல் வழியாக இறங்கிப் போனது. வீடு வந்து சேர்வதற்குள் தன் உடம்பில் எத்தனை எலும்பு என்பதை அவர் ஒவ்வொன்றாக எண்ணி முடித்திருந்தார்.

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஸ்பிரிங்கும் ஒரு தராசுதானே. எத்தனை ஆயிரம் ஸ்பிரிங் தராசுகளைச் சோதித்திருப்பார். அதற்கு முகஸ்துதி தெரியாது, கௌரவம் புரியாது. சொன்ன எடையை நம்பித் தயாராக நிற்கும், அந்த எடை வராவிட்டால் உதைக்கும்.

பட்டறைக்குத் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே மச்சான் தினமும் போய் உட்காருகிறான். மானம் கப்பலேறிவிடும். எனவே தராசுக்காரர் வேறொரு முடிவுக்கு வந்தார். பொய்யைத் திருத்துவதைவிட அதை மெய்யாக்கிவிடுவது சுலபம்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதற்குள் அவர் இலாகா ஏலத்தில் எடுத்த பழைய இரும்பு எடைக்கற்கள், குவியல் குவியலாக; கதவே பாதிதான் திறக்கும். அந்தக் கொட்டகையில் ஒரு ஜன்னல் வைத்துத் தன் தையல் மெஷினைப் போட வேண்டும் என்று மனைவி பதினொரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் பதினொரு வருடமாக 'அடுத்த மாதம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மதியம் மனைவி தங்கை வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, கூடாரச் சாமான்களோடு இருபது கிலோக் கற்களில் இருபத்திரண்டைத் தொட்டியில் ஏற்றினார். நடுவே ஆறு தடவை உட்கார்ந்தார், இரண்டு தடவை படுத்தே விட்டார். நானூற்று நாற்பது கிலோ. சொன்ன சொல்லுக்கும் தொட்டிக்கும் இப்போது ஒரு கிராம் வித்தியாசம் இல்லை.

எட்டிப் பார்த்தால் வண்டி மறுபடியும் நாயாகக் குந்தியிருந்தது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டேப்பை எடுத்தார். ஒரு கல்லை இறக்குவது, அளப்பது, இன்னொன்றை இறக்குவது, அளப்பது. வண்டி ஏறக்குறைய மட்டமாக நின்றபோது தொட்டியில் ஒன்பது கல் இருந்தது. அதோடு ஒரு பத்து கிலோக் கல்லையும் வைத்தார். தொட்டி விளிம்பில் வைத்த மட்டப்பலகையின் குமிழி நடுவில் வந்து நின்றது. நூற்றுத் தொண்ணூறும் அறுபதும் இருநூற்றைம்பது. ஐநூற்றில் நேர் பாதி.

பட்டறைக்காரர் அவரைப் பாதிதான் நம்பியிருக்கிறார்.

கொட்டகை வாசலில் சாய்ந்து நின்றபடி தராசுக்காரர் கொதித்தார். முப்பத்திரண்டு வருடம் ஊரையே எடைபோட்ட என்னை ஒருத்தன் பென்சிலை நக்கிக்கொண்டே எடைபோட்டுவிட்டானே. அதுவும் சரியாக என்றாலாவது பொறுத்துக்கொள்ளலாம். நிஜத்தைவிட இன்னும் நாலு மடங்கு கூட.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி முதுகுக்கு ஒரு சின்ன மெத்தையை வைத்துக்கொண்டு ஏறினாள். தொட்டியைத் தார்ப்பாய் மூடியிருந்தது. குழிச்சாலை தொடங்கியதும் தராசுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டியோ தொட்டில் போல ஆடி அசைந்து போனது. யானை விழுந்தால் தேடவேண்டிய குழிகளை எல்லாம் சின்னதாக ஒரு தலையசைப்போடு கடந்தது. மனைவி முதலில் கைப்பிடியை விட்டாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். பிறகு, அவர் கண்ணால் பார்த்தும் நம்பமுடியாதபடி, தூங்கிப் போனாள்.

அவர் மனசுக்குள் ஏரிக்கரையில் டீ கொதித்தது.

சாலை முடிகிற இடத்தில் அவள் கண்ணைத் திறக்காமலே, "இடது பக்கம் திருப்புங்க," என்றாள்.

"அங்க லாரி எடைமேடைதானே இருக்கு."

"ஆமா. பின்னாடியே பழைய இரும்புக்கடையும் இருக்கு."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் தாங்கும் என்பார்கள். தராசுக்காரருடையது ஆறாம் நாளே இடதுபக்கம் திரும்பியது.

எடைமேடைக்காரர் இவரைப் பார்த்ததும் பழைய பயத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நாலு வருடத்துச் சான்றிதழ்களையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சோதனைக்கு வரவில்லை, வண்டியைத்தான் நிறுக்க வேண்டும் என்று அவருக்குப் புரியவைப்பதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. சீட்டை மனைவி வாங்கிக்கொண்டாள். வண்டிப் புத்தகத்தை எடுத்து வெற்றெடையைப் பார்த்தாள். டீசலைக் கழித்தாள், தன்னைக் கழித்தாள், அவரைக் கழித்தாள், கூடாரம், அடுப்பு, நாற்காலி, கேன் எல்லாவற்றையும் கழித்தாள்.

"நூத்தித் தொண்ணூறு கிலோ மிச்சம் வருது. நம்மகூட வர்றது யாருங்க?"

தராசுக்காரர் எடைமேடையின் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை இமைக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் கொட்டகைக் கதவு முழுசாத் திறந்துச்சு," என்றாள் அவள். "பதினொரு வருஷத்துல முதல் தடவை. பயந்தே போயிட்டேன், உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதோன்னு."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மச்சானின் தலையணையிலிருந்து பட்டறைக்காரரின் பாதிவரை. சொல்லச் சொல்ல உடம்பு இலேசானது, எத்தனை கிலோ என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவள் சிரிக்காமல் கேட்டாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"கல்லை இறக்கிட்டா வண்டி துள்ளுமா?"

"துள்ளும். உன் இடுப்பு தாங்காது." செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சரியான எடை அது.

"அப்ப நீங்களே சொல்லுங்க. மூணு வாரத்துக்குக் கல்லைக் கூட்டிட்டுப் போறீங்களா, என்னையா?"

அவர் சாவியைத் திருகினார். வண்டியை மெதுவாக இரும்புக்கடைக்குள் ஓட்டினார். ஒவ்வொரு கல்லையும் இறக்கும்போது அதன் அடியில் இருந்த முத்திரையை விரலால் ஒருமுறை தடவிக்கொண்டார். வீட்டிலிருந்த மிச்சக் கற்களும் அன்றைக்கே வந்து சேர்ந்தன. ஒரே ஒரு அரைக்கிலோக் கல் மட்டும் அவருடைய சட்டைப்பையில் எப்படியோ ஏறிக்கொண்டது. மனைவி அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை இருவருமாகப் பட்டறைக்குப் போனார்கள். மச்சான் வேர்க்கடலையோடு அங்கேதான் இருந்தான்.

"அறுபது கிலோ," என்றார் தராசுக்காரர், பட்டறை முழுக்கக் கேட்கும்படி.

பட்டறைக்காரர் வழக்கப்படி முப்பது என்று எழுதப் போய், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அறுபது என்றே எழுதினார். இத்தனை வருடத்தில் நிஜ எடையைச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றார். எல்லோருக்கும் பாதிதான் போடுவது, அப்படியும் சிலருக்குத் துள்ளும். அப்படித் துள்ளிய ஒருவர் தார்ப்பாய்க்கு அடியில் எட்டு மணல் மூட்டையோடு நாலு வருடமாக ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். பெயரைச் சொல்வது தொழில் தர்மம் இல்லை என்று அவர் நிறுத்திக்கொண்டார்.

மச்சானுக்கு அப்போதுதான் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தது.

ஓடு வியாபாரி ஒருவரின் வண்டிக்குப் பொருத்தமாக இருந்ததால் அந்த முரட்டு ஸ்பிரிங்குகள் அங்கே போயின. இங்கே இலேசானவை ஏறின. குழிச்சாலையில் மறுபடியும் ஒரு மணி நேரம் போய்வந்தார்கள். இந்தத் தடவை தொட்டில் இல்லை, நல்ல நாற்காலி. அவள் தூங்கவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றினாள். வீட்டு வாசலில் இறங்கி இடுப்பில் கைவைத்து இப்படியும் அப்படியும் வளைந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். தராசுக்காரர் வண்டியை விட்டு இறங்காமல் காத்திருந்தார்.

அரைமணி நேரம் கழித்து அவள் ஒரு பையை இரண்டு கையாலும் பிடித்து, படியில் தட்டித் தட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் ஓடிப்போய் வாங்கினார். கை தன் வேலையைச் செய்தது. இருபத்து மூன்று கிலோ நானூறு.

"மூணு வாரத்துக்குத்தானே," என்றாள் அவள். "அளவாத்தான் எடுத்திருக்கேன். எட்டு கிலோ இருக்கும், இல்லையா?"

தராசுக்காரர் பையைத் தொட்டியில் வைத்தார். ஸ்பிரிங் ஒரு விரற்கடை இறங்கியது. அதற்கு முகஸ்துதி தெரியாது, பாவம்.

"எட்டுதான்," என்றார் அவர். "கூட ஒரு கிராம் இல்லை."