டம்ளரில் வளையம்

தெருவில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துக் கருவி பொருத்துகிறவர். வயது முப்பத்து மூன்று. பேச்சு அளந்துதான் வரும். இருந்த கடையை இடிக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள். அதற்குள் வேறு இடம் அமையாவிட்டால் உரிமம் போய்விடும்; பிறகு யாரிடமாவது சம்பளத்துக்கு நிற்க வேண்டியதுதான்.

தரகர் காட்டிய கடையை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார். உள்ளே நின்றால் தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்டது. காதைச் சோதிக்கிறவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"இப்பவே முடிச்சிருங்க சார். இன்னொரு பார்ட்டி காத்துக்கிட்டு இருக்கு" என்றார் தரகர், தெருவுக்கே கேட்கிற குரலில்.

"ஒரு பார்ட்டியும் இல்ல. எட்டு மாசமாப் பூட்டித்தான் கெடக்கு" என்றார் கடைக்குச் சொந்தக்கார அம்மா.

தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கடையை வாடகைக்கு விடுகிறவர், அதன் குறைகளை எழுதி, கையெழுத்துக்கு ஏழு நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரும்பாலோர் 'குறை ஏதுமில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இந்த அம்மா முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் எதையும் எழுதமாட்டார். காலிக் கடைக்குள் நாற்காலி போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து, மணிவாரியாக எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு இதுவரை ஐந்து பேர் ஓடியிருந்தார்கள்.

காதுக்காரர் வாங்கிப் படித்தார். நான்கு பக்கம். அடை மழையில் பின்கதவின் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கும். மாடிக் குழாய் இரண்டு முறை உடைந்தது, மாற்றியாயிற்று. கடைசியில் 'வேறு ஏதேனும்' என்ற இடத்தில்: 'வேலை நாட்களில் 10.15 முதல் 12 வரை டம்ளர் தண்ணீரில் வளையம் வருகிறது. நாற்காலி அதிர்கிறது. காரணம் தெரியவில்லை.'

தரகர் சிரித்தார். "வளையமா? கடைய வாடகைக்கு விடறீங்களா, ஜாதகம் எழுதறீங்களாம்மா? வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன குறைஞ்சுபோகும்?"

"மாட்டிக்கிட்ட பிறகு சொன்னா அதுக்குப் பேரு வாக்குமூலம்யா" என்றார் அம்மா.

மறுநாள் பத்து மணிக்கே காதுக்காரர் கடைக்குப் போனார். அம்மா கதவைத் திறந்து, நாற்காலி இரண்டு போட்டு, நடுவில் டம்ளரை வைத்தார். சரியாகப் பத்தேகாலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புப் பட்டறையில் சாணை சுற்ற ஆரம்பித்தது. பல் கூசியது. அம்மா அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால், முதல் ஆளைச் சோதனைக்கு உட்காரவைத்த பிறகுதான் இது தெரிந்திருக்கும்.

அம்மா அமைதியாக டம்ளரைக் காட்டினார். "பாருங்க தம்பி, வளையம்."

"அம்மா, சத்தம் கேக்கலையா?"

அவர் காதைச் சாய்த்தார். காதுக்காரர் கிட்டப்போய் உரக்கக் கேட்டார்.

"என்ன சத்தம்? கொஞ்ச நாளாக் காது மந்தம்தான், கீச்சுச் சத்தம் எதுவும் விழறதில்ல. ஏன், அதையும் எழுதணுமா?"

காதுக்காரர் டம்ளரைப் பார்த்தார். காது நன்றாகக் கேட்கிறவர்களெல்லாம் 'குறை ஏதுமில்லை' என்று எழுதுகிற ஊரில், தனக்குக் கேட்காத சத்தத்தைத் தண்ணீரில் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார் இந்த மனுஷி.

பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தார். சாணை நின்றது. மறுபடி தன் மூச்சு கேட்டது.

"காலைல கருவி ரிப்பேர். மதியத்துக்கு மேல சோதனை. எடுத்துக்கறேன்மா."

"ஏழு நாள் யோசிங்க. அவசரப்பட்டு ஆறாவது நாள் வந்தீங்கன்னா கதவைத் திறக்கமாட்டேன்."

ஏழாம் நாள் கையெழுத்தாயிற்று. உரிமம் தப்பியது. புதுக் கடையில் முதல் சோதனை அந்த அம்மாவுக்குத்தான். இரண்டு காதுக்கும் கருவி பொருத்தி அனுப்பினார்.

மறுநாள் காலை அம்மா கருவியோடு கடைக்கு வந்து உட்கார்ந்தார். மணி பத்தேகால். சாணை சுற்றியது. நாற்காலியைவிட்டுத் துள்ளி எழுந்தார்.

"அடக் கடவுளே! இந்த எழவையா உங்க தலைல கட்டினேன்? அந்தப் பேப்பரை எடுங்க!"

காதுக்காரர் எடுத்துக் கொடுத்தார். 'வளையம் வருகிறது' என்பதற்குக் கீழே 'காதைப் பிளக்கிறது' என்று எழுதி, தேதியும் மணியும் போட்டு, கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தார் அம்மா.