எச்சரிக்கை போட எந்தக் குறி?

எர்ணாவூரில், துறைமுகங்களுக்குப் பாரம் தூக்கும் விஞ்ச் செய்யும் கம்பெனி ஒன்றில், கையேடு எழுதும் பிரிவுக்கு டெபோராதான் தலைவி. அவளுக்குக் கீழே நோயல், ரஞ்சித் என்று இரண்டே பேர்தான். தலைவலி மட்டும் இருநூறு பேருக்குப் போதுமானது.

வினை வேர்டு கோப்பில் தொடங்கியது. யாரோ ஒரு படத்தைக் கொஞ்சம் பெரிதாக்க, ‘பிரேக்கை விடுவிக்கும் முன் கொக்கியைத் தரையில் இறக்கவும்’ என்ற எச்சரிக்கை அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. வாடிக்கையாளர் ஆட்கள் கையேட்டை வரிக்கு வரி பின்பற்றி, பக்கத்தைத் திருப்பும் முன்பே பிரேக்கை விடுவித்தார்கள். கொக்கி அவர்கள் மேலாளரின் புது ஸ்கூட்டர் மேல் இறங்கியது. நல்லவேளை, பக்கத்தில் ஆள் இல்லை.

“இனிமே வேர்டு வேணாம்மா,” என்றார் முதலாளி ஸ்டானிஸ்லாஸ். “எதுல எழுதறதுன்னு சாயந்திரத்துக்குள்ள நீயே முடிவு பண்ணு.”

எழுத்துக்கு நடுவே குறிகள் போட்டு எழுதினால், எது தலைப்பு, எது எச்சரிக்கை என்று கணினியே பிரித்து அடுக்கிக்கொள்ளும். அதில் மூவருக்கும் சம்மதம். எந்தக் குறிகள் என்பதில்தான் சண்டை. நோயல் எக்ஸ்எம்எல் பக்தன். ஒவ்வொரு துண்டையும் பெயர் சொல்லித் திறந்து, பெயர் சொல்லி மூடினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். ரஞ்சித்துக்கு மார்க்டவுன். தலைப்புக்கு ஒரு ஹாஷ், அழுத்தத்துக்கு நட்சத்திரம். வேலை முடிந்தது, டீக்குக் கிளம்பிவிடுவான்.

“இன்னா மாமு, ஒரு வரி எழுத ஒம்போது கதவைத் தொறந்து மூடிக்கினு கீற?” என்றான் ரஞ்சித்.

“கதவே இல்லாம வூடு கட்றியே, அதுக்கு இது தேவலை,” என்றான் நோயல்.

டெபோரா இருவரையும் பிரேக் அத்தியாயத்தை எழுதச் சொன்னாள். பிறகு கோப்புகளை மாற்றிக் கொடுத்து, அட்டவணைக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னாள்.

நோயலின் கோப்பில் ரஞ்சித் ஒரே ஒரு மூடுகுறியை விட்டுவிட்டான். மொத்த அத்தியாயமும் வெளிவர மறுத்தது. “பேஜாரா கீதுப்பா!” என்று விசைப்பலகையைத் தள்ளினான்.

நோயல் சிரித்துக்கொண்டே ரஞ்சித்தின் கோப்பைத் திறந்தான். மார்க்டவுனில் கட்டத்துக்குள் எண்ணிட்ட படிகள் நிற்காததால், ரஞ்சித் அங்கே சத்தமில்லாமல் எக்ஸ்எம்எல்லுக்குப் பங்காளியான எச்டிஎம்எல்லைக் கொட்டி வைத்திருந்தான். திறக்கும் குறி, மூடும் குறி, எல்லாம்!

“நைனா, இதெல்லாம் யார் வூட்டுக் கதவு?”

ஆனால் மார்க்டவுனில் எச்சரிக்கைக்கென்று குறியே இல்லாததால், நோயல் சேர்த்த எச்சரிக்கையும் பெட்டியில்லாமல், சின்னமில்லாமல், ‘இன்று விடுமுறை’ என்பதுபோலச் சாதுவாக வந்து நின்றது.

டெபோரா, தான் சாப்பாட்டு வேளையில் ஆஸ்கிடாக் என்ற மூன்றாவது குறிமொழியில் எழுதிப் பார்த்ததைத் திரையில் காட்டினாள். வார்னிங் என்று போட்டு முக்காற்புள்ளி வைத்தால் பெட்டி வந்துவிடும். கட்டத்துக்குள் படிகளும் நின்றன. “இதுதான்,” என்றாள்.

இருவரும் முதல்முறையாக ஒரே பக்கம் திரும்பி அவளை முறைத்தார்கள்.

“ரெண்டுங்கெட்டான் மேடம் இது,” என்றான் நோயல்.

“கரீக்டா சொன்ன தோஸ்து. கலீஜ்!” என்றான் ரஞ்சித்.

காலையிலிருந்து முட்டிக்கொண்டவர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு டீக்குப் போனார்கள். டெபோராவுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

மறுநாள் ஆஸ்கிடாக் வேண்டாம் என்று இருவரின் கூட்டுப் புகார் வந்தது. மார்க்டவுனில் எழுத நோயல் ஒப்பவில்லை. எக்ஸ்எம்எல்லுக்கு ரஞ்சித் மசியவில்லை. வேறு வழியின்றிப் புகாரை ஆஸ்கிடாக்கிலேயே எழுதியிருந்தார்கள். தலைப்பு, படிகள், அட்டவணை எல்லாம் கச்சிதம். டெபோரா வாய்விட்டுச் சிரித்தாள். ஓர் எழுத்தையும் மாற்றாமல், புதிய மொழிக்கு மாதிரிப் பக்கமாக அதை ஸ்டானிஸ்லாஸுக்கு அனுப்பிவைத்தாள்.