ஒன்பதாவது கல்

டாக்டருக்கு வாய் கொஞ்சம் நீளம். "என் கையில பித்தப்பைக் கல் ஒன்னுகூட உள்ள சிந்தினதில்ல" என்று வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அளந்துகொண்டே இருப்பார். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன மாமனார் ஒருநாள் வலியோடு வந்து, "அப்ப எனக்கும் நீங்களே எடுங்க மாப்ளே" என்று வயிற்றைக் காட்டிவிட்டார். மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்தவர், ஆயுசில் யாருக்கும் முழு மார்க் போட்டதில்லை. மாப்பிள்ளைக்கோ பன்னிரண்டு வருஷமாகப் பாஸ் மார்க்கே இழுபறி. ஸ்கேனில் ஒன்பது கல் என்று மாமனாரே எண்ணி வைத்திருந்தார்.

ஆபரேஷன் முக்கால்வாசி அமர்க்களமாகப் போனது. நாலு சின்ன ஓட்டை, உள்ளே கேமரா, எதிரே டிவி. அறுத்த பித்தப்பையைத் தொப்புள் ஓட்டை வழியாக இழுக்கும்போது அது பட்டென்று கிழிந்து, கல்லெல்லாம் வயிற்றுக்குள் உருண்டது. உறைக்குள் போட்டு இழுங்கள் என்று நர்ஸ் நீட்டிய பிளாஸ்டிக் உறையை, "அதெல்லாம் புதுசா பழகுறவங்களுக்கு" என்று ஒதுக்கியவர் இவர்தான். வேணும், நல்லா வேணும்!

இப்போது அதே உறையை வாங்கி, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி உறிஞ்சினார். மேசையைச் சாய்த்துப் பார்த்தார், கல்லீரலைத் தூக்கிப் பார்த்தார். எட்டுதான் தேறியது.

"இன்னும் கொஞ்ச நேரம் தேடலாம் டாக்டர். கிடைக்கலைன்னா எழுதி வச்சுட்டு அவர்கிட்ட சொல்லிடலாம். நாளைக்கு உள்ள சீழ் வச்சுதுன்னா?" என்றார் நர்ஸ்.

"சொல்றதா? அந்த மனுஷன்கிட்டயா?"

தையலைப் போட்டு முடித்தார். காலையில் வேறொரு நோயாளி வேண்டாமென்று விட்டுப்போன கற்களில், அதே நிறத்தில் ஒன்றை எடுத்து மாமனாரின் எட்டுக் கல் இருந்த பாட்டிலில் போட்டார்.

கண் விழித்த மாமனார் இரண்டு தரம் எண்ணினார். "நூத்துக்கு நூறு மாப்ளே!" என்றார். டாக்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாட்டில் ஷோகேஸில் ஏறியது.

எட்டாம் மாதம் மாமனாருக்குக் காய்ச்சல் வந்தது, விடவே இல்லை. கல்லீரலுக்குக் கீழே சீழ் கட்டியிருக்கிறது என்றார் வேறொரு ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். "பழைய கல் ஏதாவது தங்கியிருக்குமோ?"

மாமனாருக்கு வந்ததே கோபம்! பாட்டிலையும் கையோடு கொண்டுவந்திருந்தார். "என் மாப்ளே ஒன்பதையும் எடுத்துட்டார். சந்தேகம்னா எண்ணிக்குங்க" என்று நீட்டினார். பெரிய டாக்டர் எண்ணிப் பார்த்தார். "அப்ப கல் இல்ல. வேற எதையாவதுதான் தேடணும்" என்று பேனாவை எடுத்தார்.

கட்டில் ஓரத்தில் நின்ற மாப்பிள்ளை பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"மாமா, அதுல ஒன்னு உங்களோடது இல்ல" என்றார்.