வடிவாம்பாளின் தலைசுற்றல்

முதல் தடவை தலைசுற்றி வாந்தி எடுத்தபோது, வடிவாம்பாளுக்கு மாங்காய் நறுக்கிக்கொண்டு ஓடிவந்தவள் எதிர்வீட்டுக் காந்தாதான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்த வாந்தி. பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. பத்தாம் நாள் அவள் தூரமானபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டார்கள்.

மூன்றாம் தடவை, பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தவளைத் தரையே சாய்த்துக் கொட்டப் பார்த்தது. ராட்டையின் காலை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். தறியிலிருந்து இறங்கி ஓடிவந்த புருஷன் உமாபதி, மறுவாரமே அவளைச் சென்னைக்கு அழைத்துப்போனான். காதுக்குள் நீர் கட்டுகிறது, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வந்து வந்து போகும் என்றார் டாக்டர். உப்பைக் குறைக்கச் சொன்னார்.

பார்க்க வடிவாம்பாள் திடமாக இருப்பாள். உருண்டை முகம், மினுமினுக்கும் கன்னம். அதனால் கோயிலுக்கும் சந்தைக்கும் அவள் வர மறுத்தபோதெல்லாம் சிநேகிதிகளுக்குக் கோபம் வந்தது. ஆடி அமாவாசைக்குத் தறி ஓடாது; திருமுக்கூடல் போய் ஆற்றில் முழுகலாம் என்று காந்தாவும் ஏலவார்குழலியும் திட்டம் போட்டார்கள். வடிவாம்பாள் தயங்கினாள்.

“எங்களோட வர இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடுமா” என்றாள் காந்தா.

அப்போதுதான் டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

“காதுக்குள்ள தண்ணியா? ஒத்தக் கால்ல குதிடி, வந்துடும்” என்று காந்தா சிரித்தாள். வடிவாம்பாளும் சேர்ந்து சிரித்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: “எப்ப வரும்னே தெரியாது. வந்தா மூணு மணி நேரம் கண்ணத் தொறக்க முடியாது. வராத நாள்லயும் இடது காதுல விசில் ஊதிக்கினே இருக்குது. இப்பகூட.”

“இப்பவா?” குழலி அவள் காதை உற்றுப் பார்த்தாள். “ஒண்ணுமே தெரியலியே.”

“தெரியாது.”

காந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்ககிட்டகூட மறைச்சிட்டியே” என்றாள். வீட்டுக்கு நடக்கையில் வடிவாம்பாளுக்கு மனசு லேசாக இருந்தது. அமாவாசைக்கு எந்தப் புடவை கட்டுவது என்றுகூட யோசித்தாள்.

அமாவாசை அன்று சாயங்காலம், ஈரக் கூந்தலும் பூவுமாக இருவரும் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதை வாசலில் நின்று பார்த்தாள்.

“உன் நல்லதுக்குத்தான் கூப்பிடலமா” என்று காந்தா அவள் கையில் பிரசாதத்தை வைத்தாள். “வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

அதற்குப் பிறகு சீமந்தம், சந்தை, உற்சவம் எதற்கும் அவளைக் கூப்பிடவில்லை. பார்க்கும்போதெல்லாம் “இப்ப தேவலையா?” என்று மட்டும் கேட்டார்கள். அவள் பக்கத்தில் வந்ததும் பேச்சைத் தணித்துக்கொண்டார்கள்.

ஆவணி அமாவாசையன்று உமாபதி செவிலிமேட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனான். வடிவாம்பாள் தனியாகப் பஸ் ஏறினாள். வழி நெடுக ஜன்னல் கம்பியை விடவில்லை. திருமுக்கூடலில் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். விசில் ஊதிக்கொண்டுதான் இருந்தது, தரை அசையவில்லை.

“தனியாவா வந்தே?” என்று துணி பிழிந்துகொண்டிருந்த ஒருத்தி கேட்டாள்.

“சிநேகிதிங்க முன்னால போறாங்க” என்றாள் வடிவாம்பாள்.

மறுநாள் குழாயடியில் விஷயத்தைச் சொன்னாள். காந்தாவின் முகம் மாறியது.

“தனியாவா போன? அப்ப உனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு.”

“இருக்குது. நேத்து வரல, அவ்ளோதான்.”

“கூப்பிட்டா வரமாட்டே. கூப்பிடலன்னா தனியா போவே. உன்ன என்னதான்டி பண்றது?”

“கூப்பிடு” என்றாள் வடிவாம்பாள். “முடியாத அன்னிக்கு முடியலன்னு சொல்றேன். அத நம்பு. போதும்.”

“சரிமா, சரி” என்றாள் காந்தா, ஜுரம் கண்ட குழந்தையிடம் சொல்வது மாதிரி. குழலி நிறைந்த குடத்தை நகர்த்தினாள்.

புரட்டாசி அமாவாசையன்று விடியும்போதே தலைசுற்றல் வந்துவிட்டது. பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தாள். நடுவில் ஒரு தரம், வாசலில் யாரோ “வடிவு” என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் குமட்டியது. கொஞ்ச நேரத்தில் விசிலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

கூப்பிட்டது யார், உண்மையிலேயே கூப்பிட்டார்களா என்று அவள் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.