ஒளியை ஆள்பவர்

ஒளியை ஆள்பவனே உயிரை ஆள்கிறான் என்று ஜெர்மனியின் பிரேமன் நகரக் கஞ்சா வளர்ப்போர் சங்கத்தில் தலைவர் ஃபோல்க்மார் முழங்கினார். கேட்டவர்களில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

முழக்கத்துக்குக் காரணம் வீப்கே. அவருடைய ஒற்றை அறை வீட்டில் கூட வாழ்ந்தவள், வசந்தத்தில் நார்வே கப்பல் ஒன்றில் சமையல் வேலைக்குப் போனாள். போகும்போது ஒரு கஞ்சா விதையை அவர் கையில் வைத்தாள்.

"இது பூக்குறப்ப நான் பாக்கணும். செப்டம்பர்ல வரேன். பூ இருந்தா தங்குறேன். இல்லன்னா காபி குடிச்சுட்டுக் கிளம்பிடுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதில் எவ்வளவு விளையாட்டு என்று ஃபோல்க்மாருக்குப் பிடிபடவில்லை.

அவர் அறிந்த செடிகள் இரவு நீண்டால்தான் பூக்கும். ஆகவே ஜூன் மாதம் விதைத்து, கட்டிலருகே விளக்கை இரவு பகலாக எரியவிட்டார். ஆகஸ்டில் பாதி நேரம் அணைத்தால், அவள் கதவைத் தட்டும்போது பூ.

ஜூலையிலேயே, முழங்கால் உயரம்கூட வராத செடியில், வெள்ளை நூலாய் மொட்டு எட்டிப் பார்த்தது. ஃபோல்க்மார் இதை ஒழுங்கீனமாகக் கருதினார். இலையோடு நிற்கட்டும் என்று தழைச்சத்தை ஊற்றினார். இலை நுனிகள் கருகி, நகம்போல் வளைந்தன.

சங்கத்து ஹின்னெர்க் வந்து பார்த்தார்.

"யோவ், இது தானா பூக்குற ரகம். வெளிச்சத்தப் பாக்காது, வயசு வந்தா பூத்துடும். பதினெட்டு மணி நேர வெளிச்சம், பாதி உரம், அது போதும்."

"சங்கத் தலைவருக்கே பாடமா?"

"தலைவருன்னு அதுக்குத் தெரியாதே. வேற விதை போடேன்."

"இது அவ குடுத்தது."

ஹின்னெர்க் உரப் புட்டியின் மூடியை இறுக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பூ விரிந்து, அறை முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசம். காலைகளில் வீப்கே ஆரஞ்சு உரித்துவந்த மேசைப் பக்கமே அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைத் தொலைபேசியில் அழைத்தார். பூத்துவிட்டது என்று சொன்னால் ஒளி தன் பேச்சைக் கேட்கவில்லை என்றாகிவிடும். பிரேமனில் நல்ல மழை என்று சொல்லி வைத்துவிட்டார்.

செப்டம்பரில் அழைப்புமணி அடித்தது. எழுந்த வேகத்தில் கதவைத் திறந்தார். வீப்கே பையை இறக்காமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். எரியும் விளக்கின் கீழ், வெட்ட மனம் வராமல் விட்ட பழுப்புக் குச்சி.

"எப்ப பூத்துச்சு?"

"ஜூலைல."

"ஏன் சொல்லல?"

"திட்டத்துல இல்ல."

அவள் செடியைப் பார்க்கவில்லை. அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வெளிச்சத்தில் தூக்கம் வர அவர் கோடை முழுக்கக் கட்டிக்கொண்ட துணிக் கண்மூடி அங்கே ஏறி நின்றது. இளஞ்சிவப்பு நிறம், இரண்டு பூனைக்காதுகள். அவள் மறந்து விட்டுப்போனது.